ஆய்வின் கேள்வியை நோயாளியோடு சேர்ந்து எழுதுவது

"நாள்பட்ட நோய் ஒன்றுக்கான சிகிச்சைச் சோதனைக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நோயாளிகளும் பொதுமக்களும் இந்த ஆய்வில் எவ்வாறு பங்காளர்களாக இருப்பார்கள் என்று விளக்கச் சொல்லி அதில் ஒரு பகுதி இருக்கிறது. மருத்துவம் படிக்காதவர்கள் ஆய்வின் வடிவமைப்பில் என்ன சொல்லிவிட முடியும்? அவர்களைச் சேர்த்தால் ஆய்வின் நடுநிலை கெடாதா? சேர்க்கத்தான் வேண்டும் என்றால் எப்படிச் சேர்ப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் நியாயமான கேள்விகள். பல ஆண்டுகளாக இத்தகைய ஆய்வுக்குழுக்களோடு வேலை செய்து வருபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

நோயாளியின் அறிவு ஆய்வின் எல்லாக் கட்டங்களிலும் ஒரே அளவுக்குத் தேவைப்படுவதில்லை. எதை ஆராய்வது, சிகிச்சை பலித்ததா என்பதை எதைக் கொண்டு அளப்பது என்ற இரண்டு முடிவுகளில் அது இன்றியமையாதது. இந்த இரண்டும் முடிவான பிறகு நோயாளிகளை அழைத்தால், அவர்கள் எவ்வளவு நல்லவற்றைச் சொன்னாலும் ஆய்வின் ஓரங்களைத்தான் திருத்த முடியும். மையத்தைத் தொட முடியாது. ஆகவே விண்ணப்பம் இன்னும் எழுதி முடியவில்லை என்பதே உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல வாய்ப்பு.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் விண்ணப்பங்களில் பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. உங்கள் சோதனையில் சேர்ந்து மருந்தை உட்கொண்டு, இரத்தம் கொடுத்து, வினாத்தாளை நிரப்புகிறவர் ஆய்வில் பங்கேற்பவர். அவரிடமிருந்து நீங்கள் தரவு பெறுகிறீர்கள். ஆய்வு முடிந்ததும் பொதுமக்களுக்குக் கூட்டம் நடத்தி முடிவுகளை விளக்கினால், அது அறிவியல் பரப்பல். நான் இங்கே பேசுவது இவை இரண்டையும் அல்ல. நோயோடு வாழ்கிற ஒருவரோ, அப்படி ஒருவரைப் பராமரிக்கிறவரோ உங்கள் ஆய்வுக்குழுவின் பக்கத்தில் அமர்ந்து, ஆய்வு எப்படி நடக்க வேண்டும் என்று முடிவெடுப்பதில் கலந்துகொள்வதைத்தான் பங்காளராக இருத்தல் என்கிறோம். பிரிட்டனில் 1996 முதலே இதற்கென்று ஓர் ஆலோசனை அமைப்பு இயங்கிவந்தது. மக்கள் மீது, மக்களைப் பற்றி, மக்களுக்காக என்றில்லாமல் மக்களோடு சேர்ந்தோ மக்களாலேயோ நடத்தப்படும் ஆய்வு என்றுதான் அங்கே இதை வரையறுத்தார்கள்.

மருத்துவம் படிக்காதவர் என்ன சொல்லிவிட முடியும் என்ற உங்கள் கேள்விக்கு, முடக்குவாத (மூட்டுகளில் அழற்சி உண்டாக்கும் நாள்பட்ட நோய்) ஆய்வுகளில் நடந்ததைச் சொல்வதே சிறந்த பதில். முடக்குவாத மருந்துச் சோதனைகளில் எவற்றையெல்லாம் அளக்க வேண்டும் என்று 1990களின் தொடக்கத்தில் வல்லுநர்கள் கூடி ஒரு பட்டியல் வகுத்தார்கள். வலிக்கும் மூட்டுகள், வீங்கிய மூட்டுகள், வலியின் அளவு, அன்றாட இயக்கத் திறன், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் குறியீடுகள், நோயின் நிலை பற்றி மருத்துவரும் நோயாளியும் தரும் பொது மதிப்பீடு ஆகியவை அதில் இருந்தன. திறமையானவர்கள் கவனத்தோடு வகுத்த பட்டியல்தான் அது. இத்தகைய ஆய்வுகளுக்கான அளவீடுகளை வகுத்துவரும் 'ஒமெராக்ட்' என்ற பன்னாட்டு ஆய்வாளர் கூட்டமைப்பு, 2002இல் முதன்முறையாக நோயாளிகளைத் தன் மாநாட்டுக்குப் பங்காளர்களாக அழைத்தது. வந்தவர்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு, தங்களை மிகவும் வாட்டுகிற ஒன்று அதில் இல்லவே இல்லை என்றார்கள். அதுதான் களைப்பு. தூங்கி எழுந்தாலும் தீராத, ஓய்வெடுத்தாலும் குறையாத, வேலையையும் குடும்பத்தையும் ஒருங்கே பறித்துக்கொள்கிற களைப்பு. அதன் பிறகு நடந்த ஆய்வுகள் அது பரவலானது என்பதையும், நம்பகமாக அளக்கக்கூடியது என்பதையும், சிகிச்சையால் மாறக்கூடியது என்பதையும் உறுதி செய்தன. 2007இல், முடக்குவாத மருந்துச் சோதனைகளில் இயன்ற இடமெல்லாம் களைப்பையும் அளக்க வேண்டும் என்ற பரிந்துரை வெளியாயிற்று.

இந்த நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது, நோயாளிகள் புள்ளியியலைத் திருத்தவில்லை, மூலக்கூறு உயிரியலில் கருத்துச் சொல்லவில்லை என்பதே. எது முக்கியம் என்பதைத்தான் சொன்னார்கள். ஒரு சிகிச்சையால் வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கை குறைந்து, களைப்பு அப்படியே இருந்தால் அது வெற்றியா என்பது விழுமியத்தைப் பற்றிய கேள்வி. அதற்கு விடை சொல்லும் தகுதி ஆய்வாளருக்கு மட்டும் உண்டு என்று கருத எந்த அறிவியல் அடிப்படையும் இல்லை. டயாலிசிஸ் சிகிச்சை ஆய்வுகளிலும் ஏறத்தாழ இதுவே நடந்தது. சிறுநீரக நோய் ஆய்வுகளுக்குப் பொதுவான அளவீடுகளை வகுக்கப் பல நாட்டு நோயாளிகளையும் குடும்பத்தினரையும் மருத்துவர்களையும் சேர்த்துக் கருத்துக் கேட்டபோது, மருத்துவர்கள் இறப்பு விகிதத்துக்கும் மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவதற்கும் கூடுதல் எடை கொடுத்தார்கள். நோயாளிகள் களைப்புக்கும், பயணம் செய்ய முடிவதற்கும், டயாலிசிஸ் இல்லாமல் கிடைக்கும் நேரத்துக்கும் எடை கொடுத்தார்கள். இறுதியில் ஏற்கப்பட்ட நான்கு அடிப்படை அளவீடுகளில், இதய நோய், டயாலிசிஸுக்காக இரத்தம் எடுக்கும் இரத்தக்குழாய் அணுகுவழியின் நிலை, இறப்பு ஆகியவற்றோடு களைப்பும் இடம்பெற்றது. இறப்பு முக்கியமில்லை என்று நோயாளிகள் யாரும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எதை ஆராய்வது என்பதிலும் இதே இடைவெளி உண்டு. முழங்கால் மூட்டுத் தேய்மானம் பற்றி நடந்துகொண்டிருந்த ஆய்வுகளையும், அந்த நோய் உள்ளவர்கள் விரும்பிய ஆய்வுகளையும் ஒப்பிட்ட கட்டுரை ஒன்று 2000ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியானது. நடந்த ஆய்வுகளில் பெரும்பகுதி மருந்துகளைப் பற்றியது; நோயாளிகளோ இயன்முறை சிகிச்சை, அறுவை சிகிச்சையின் உண்மையான பயன், நோயைப் பற்றிய விளக்கக் கல்வி, வலியோடு வாழ்வதற்கான வழிகள் ஆகியவற்றைத்தான் அறிய விரும்பினார்கள். மருந்துகளுக்கு விற்பனையாளர் இருக்கிறார், ஆய்வுக்குப் பணமும் இருக்கிறது; தொடைத்தசைப் பயிற்சிக்கு அப்படி யாரும் இல்லை. இந்த இடைவெளியைக் குறைக்கவே 2004இல் பிரிட்டனில் 'ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ்' தொடங்கப்பட்டது. ஒரு நோயை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி இன்னும் விடை தெரியாத கேள்விகளை நோயாளிகள், பராமரிப்பவர்கள், மருத்துவப் பணியாளர்கள் ஆகிய மூன்று தரப்பினரிடமிருந்தும் திரட்டுகிறார்கள். உண்மையிலேயே விடை இல்லையா என்று ஏற்கெனவே உள்ள ஆய்வுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தபின், மூன்று தரப்பினரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து முதல் 10 கேள்விகளை வரிசைப்படுத்துகிறார்கள். நுரையீரலில் கெட்டியான சளி சேரும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு இவ்வாறு தயாரித்து 2018இல் வெளியிட்ட பட்டியலில் முதலிடம் பெற்றது, நாள்தோறும் செய்ய வேண்டியிருக்கும் சிகிச்சையின் சுமையை எப்படிக் குறைப்பது என்ற கேள்வி. காலையும் மாலையும் மருந்தை ஆவியாக உள்ளிழுத்து, சளியை வெளியேற்றும் பயிற்சி செய்து, மாத்திரைகளை எண்ணி விழுங்குகிறவருக்கு, இவற்றில் எதை விட்டால் உடல்நிலை கெடாது என்பதுதான் முதல் கேள்வி. புதிய சிகிச்சையைத் தேடிப் பழகிய ஆய்வாளர் மனத்தில் அது எளிதில் உதிக்காது.

உங்கள் நோய்க்கு இப்படி ஒரு பட்டியல் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால், விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே உங்கள் கேள்வி அதோடு எப்படிப் பொருந்துகிறது என்று எழுதலாம்.

இந்த உரிமை யாரும் மனமுவந்து வழங்கியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எய்ட்ஸ் நோயாளிகள் 1983இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கூடி, தங்களைப் பற்றி முடிவெடுக்கும் ஒவ்வொரு மட்டத்திலும் தங்களுக்கு இடம் வேண்டும் என்று அறிவித்தார்கள். 1987இல் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடும் 'ஆக்ட் அப்' இயக்கம் பிறந்தது. 1988 அக்டோபரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் தலைமையகத்தையும், 1990 மே மாதத்தில் தேசியச் சுகாதார நிறுவனங்களின் வளாகத்தையும் அவர்கள் முற்றுகையிட்டார்கள். அந்தப் போராட்டங்களின் கோபம் பலருக்கும் நினைவிருக்கிறது. அவற்றுக்குள் இருந்த ஆய்வு முறை பற்றிய விமரிசனம் அந்த அளவுக்கு நினைவில் இல்லை. எய்ட்ஸுக்கான ஏஇசட்டி மருந்தின் சோதனையில் சேர்ந்தவர்களில் சிலர், தங்களுக்குக் கிடைத்தது மருந்தா மருந்துப்போலியா என்று அறிய மாத்திரைகளை வேதியியலாளரிடம் கொடுத்துச் சோதித்தார்கள். சிலர் தங்கள் மாத்திரைகளை மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டார்கள். உயிருக்குப் போராடுகிறவர் அப்படித்தான் செய்வார். அதைக் கட்டுப்பாட்டு மீறல் என்று ஒதுக்குவதா, மனிதர்களால் கடைப்பிடிக்க முடியாத விதிகளோடு ஒரு சோதனையை வடிவமைத்ததன் விளைவு என்று ஏற்பதா என்பதே கேள்வி. நிமோனியாவைத் தடுக்கும் மருந்தை உட்கொள்கிறவர்களைச் சோதனையிலிருந்து விலக்கக் கூடாது என்று வாதிட்டபோது, இயக்கத்தினர் கருணையை மட்டும் கேட்கவில்லை. நிஜ உலகில் மருந்தை உட்கொள்ளப்போகிறவர்களைப் போன்றவர்கள் சோதனையில் இல்லாவிட்டால் முடிவு யாருக்குப் பொருந்தும் என்று கேட்டார்கள். அமெரிக்க அரசின் தொற்றுநோய் ஆய்வு நிறுவனத்துக்குத் தலைவராக இருந்த அந்தோனி ஃபவுச்சி உள்ளிட்டோர் அவர்களைச் செவிமடுக்கத் தொடங்கிய பிறகு, எய்ட்ஸ் மருந்துச் சோதனைக் குழுக்களின் கூட்டங்களில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. வைரஸ் இயலையும் புள்ளியியலையும் அவர்களே கற்றுக்கொண்டு வந்தார்கள்.

மார்பகப் புற்றுநோயிலும் இதைப் போன்ற ஒன்று நடந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியில் 1992இல் தொடங்கப்பட்ட மார்பகப் புற்றுநோய் ஆய்வுத் திட்டத்தில், 1995 முதல் நிதி விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுக்களில் அந்த நோயைக் கடந்துவந்தவர்கள் விஞ்ஞானிகளுக்குச் சமமான வாக்குரிமையோடு அமர்கிறார்கள். இந்த அனுபவம் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் ஒரு பதில்: மதிப்பீட்டின் தரம் கெட்டுவிடும் என்ற அச்சத்தையும் மீறி அந்த முறை இன்றுவரை தொடர்கிறது.

நடுநிலை கெடுமா என்பதை இன்னும் நேராகப் பார்ப்போம். சமவாய்ப்பு முறையில் குழுக்களைப் பிரிப்பது, யாருக்கு எது கிடைத்தது என்பதை மறைத்துவைப்பது, பகுப்பாய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதிவுசெய்வது ஆகியவைதான் ஒரு சோதனையைப் பிழையான சாய்விலிருந்து காப்பவை. இவற்றில் எதையும் நோயாளிப் பங்காளர் தளர்த்துவதில்லை. அளவீடு எது என்பதைச் சோதனைக்கு முன்பே அவர்களோடு சேர்ந்து முடிவுசெய்வது சாய்வு அல்ல. முடிவுகள் தெரிந்த பிறகு அளவீட்டை மாற்றுவதுதான் சாய்வு, அதை யார் செய்தாலும் தவறே. ஒரு புதிய மருந்தின் மேல் நோயாளிக்கு அதிக நம்பிக்கை இருக்கலாம் என்பது உண்மைதான். அந்த மருந்தை உருவாக்கிய விஞ்ஞானிக்கும் அதே நம்பிக்கை உண்டு. இருவருக்கும் ஒரே காப்பு முறைகள் பொருந்தும்.

உண்மையான முரண் நலன் இருக்கக்கூடிய இடம் வேறு. சில நோயாளர் அமைப்புகள் மருந்து நிறுவனங்களிடமிருந்து நன்கொடை பெறுகின்றன. அவற்றோடு சேரவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் குழுவின் மருத்துவர்களிடம் கேட்பதைப் போலவே அவர்களிடமும் நிதி உறவுகளை எழுத்தில் கேட்டுப் பதிவுசெய்யுங்கள்.

இதனால் பயன் உண்டு என்பதற்குச் சான்று எவ்வளவு வலுவானது என்றும் நீங்கள் கேட்கலாம். மிகையாகச் சொல்லத் தேவையில்லை. 2018இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, நோயாளிகளையும் பொதுமக்களையும் பங்காளர்களாகச் சேர்த்த மருத்துவச் சோதனைகளில் ஆட்கள் சேர்வது ஓரளவு கூடுகிறது என்று கண்டது. அந்த நோயின் அனுபவம் உள்ளவர்கள் பங்காளர்களாக இருந்தபோது அந்தப் பயன் தெளிவாகத் தெரிந்தது. சேர்ந்தவர்கள் இறுதிவரை தங்குகிறார்களா என்று உறுதியாகச் சொல்ல அப்போது போதிய ஆய்வுகள் இல்லை. ஆட்சேர்ப்பை மட்டும் வைத்து இதன் மதிப்பை எடைபோடுவதும் சரியல்ல என்பது என் கருத்து. களைப்பை அளக்காத சோதனையிலும் ஆட்கள் முழுமையாகச் சேர்ந்திருக்கக்கூடும். அந்தச் சோதனையின் குறையை எந்த ஆட்சேர்ப்பு எண்ணிக்கையும் காட்டிக்கொடுத்திருக்காது.

இனி, எப்படிச் செய்வது என்ற மூன்றாவது கேள்வி. ஒரு கூட்டத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். இன்சுலின் போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகளுக்கான ஒரு சோதனையின் திட்டம் அன்று மேசையில் இருந்தது. பங்கேற்பவர்கள் எட்டு முறை, ஒவ்வொரு முறையும் வெறும் வயிற்றில், காலை எட்டு மணிக்கு ஆய்வு மையத்துக்கு வர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. இன்சுலினோடு பல ஆண்டுகள் வாழ்ந்துவந்த ஒரு பெண்மணி அந்த வரியில் விரலை வைத்து, "நான் எங்கள் வீட்டிலிருந்து ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். முந்தைய இரவு போட்ட ஊசி வேலை செய்துகொண்டிருக்கும், சாப்பிட்டிருக்க மாட்டேன், பேருந்தில் சர்க்கரை இறங்கினால் யாரைக் கூப்பிடுவது?" என்று கேட்டார். குழுவின் மருத்துவர் உடனே ஆய்வகப் பொறுப்பாளரைப் பார்த்தார். எட்டு முறையும் வெறும் வயிற்று மாதிரி எதற்கு என்று பேசத் தொடங்கியபோது, முதலும் கடைசியுமாக இரண்டே முறை போதும் என்பது தெரியவந்தது. மற்ற ஆறும் பழைய திட்டம் ஒன்றிலிருந்து அப்படியே எடுத்து எழுதப்பட்டவை. அறநெறிக் குழுவும் அந்த வரியைப் பார்த்திருக்கும்; வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பது வழக்கம்தானே என்று கடந்துபோயிருக்கும். அந்தப் பெண்மணிக்குத்தான் அது ஒரு காலைப்பொழுதாகத் தெரிந்தது.

அந்தக் கூட்டத்தில் அவர் பேசினார் என்பதற்குச் சில காரணங்கள் இருந்தன. திட்டத்தின் நாற்பது பக்கங்களையும் அனுப்பாமல், நோயாளிக்கு என்னென்ன நடக்கும் என்பதை மட்டும் நாள்வாரியாக எளிய மொழியில் இரண்டு பக்கங்களில் எழுதி முன்பே அனுப்பியிருந்தார்கள். அவரோடு வேறு மூன்று நோயாளிகளும் வந்திருந்தார்கள். கூட்டத்தை நடத்தியவர் முதலில் அவர்களைப் பேசவிட்டு, ஆய்வாளர்களைப் பிறகு பேசச் சொன்னார். பத்து வல்லுநர்களுக்கு நடுவே ஒரே ஒரு நோயாளியை உட்காரவைத்துவிட்டு, அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று குறைப்படுவது நேர்மையாகாது. குறைந்தது இருவராவது இருக்கட்டும். ஒருவருக்கு உடல்நிலை சரியில்லாத நாளில் இன்னொருவர் இருப்பார். ஒருவர் சொல்லத் தயங்குவதை மற்றவர் சொல்வார். கடும் நோய்கள் பற்றிய ஆய்வுகளில் பங்காளர் ஒருவர் இடையில் இறந்துபோவதும் உண்டு. அப்படி நேர்ந்தால் குழு என்ன செய்யும், குடும்பத்தாரோடு யார் பேசுவார் என்பதைத் தொடக்கத்திலேயே யோசித்து வைத்திருப்பது நல்லது.

பணத்தைப் பற்றித் தயங்காமல் எழுதுங்கள். அந்த மேசையில் அமர்ந்திருக்கும் ஆய்வாளர், புள்ளியியலாளர், செவிலியர் அனைவரும் சம்பளம் பெறுகிறார்கள். நோயாளியின் நேரம் மட்டும் இலவசம் என்றால், வேலைக்குப் போகாமல் ஒரு நாளைச் செலவிடக்கூடியவர்கள் மட்டுமே வருவார்கள். பயணச் செலவு, உடன் வருகிறவரின் செலவு, வீட்டில் விட்டுவந்த குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொள்ளும் செலவு ஆகியவற்றை முன்கூட்டியே கொடுங்கள். ரசீது கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கச் செய்வது, கையில் காசு இல்லாதவர்களை வெளியே நிறுத்துவதற்குச் சமம். நேரத்துக்கான மதிப்பூதியம் இவற்றிலிருந்து வேறானது. அரசு உதவித்தொகை பெறுகிறவர்களுக்கு இந்த ஊதியத்தால் பாதிப்பு வருமா என்று முதலில் விசாரித்து, பெறுவதா வேண்டாமா என்ற முடிவை அவர்களிடமே விடுங்கள்.

நான்கு நோயாளிகள் எப்படி எல்லா நோயாளிகளையும் பிரதிநிதித்துவப்படுத்த முடியும் என்ற ஐயம் அடிக்கடி எழுகிறது. முடியாதுதான், அவர்களிடம் அதை யாரும் எதிர்பார்க்கவும் கூடாது. உங்கள் குழுவின் இதயநோய் மருத்துவர் உலகின் எல்லா இதயநோய் மருத்துவர்களுக்கும் பிரதிநிதியாக அமரவில்லை. தன் அறிவோடு அமர்ந்திருக்கிறார். பங்காளர்களும் அப்படியே. பரவலான கருத்து தேவைப்பட்டால் அதற்கு முறையான கருத்தாய்வு நடத்த வேண்டும். ஆனால் இந்த ஐயத்தில் உண்மையான ஒரு பகுதி உண்டு: வழக்கமாக அழைப்பை ஏற்று வருகிறவர்கள் படித்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள், கொஞ்சம் ஓய்வு உள்ளவர்கள். நோய் அதிகமாகத் தாக்குகிற பிரிவினர் வேறாக இருந்தால், மருத்துவமனை அறிவிப்புப் பலகையில் அழைப்பு ஒட்டுவது போதாது. அவர்கள் ஏற்கெனவே நம்புகிற ஒருவர் மூலமாக, அவர்கள் கூடும் இடத்துக்கு, அவர்கள் மொழியில் போக வேண்டும். நிதி கிடைப்பதற்கு முன்பே அந்த உறவைத் தொடங்கினால்தான் அது நம்பகமாக அமையும். மனநோய், மறதிநோய், கற்றல் குறைபாடு உள்ளவர்களை, அவர்களால் முடியாது என்று நாமே முடிவுசெய்து பராமரிப்பவரை மட்டும் அழைத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பராமரிப்பவரின் கருத்து மதிப்புள்ளதுதான்; ஆனால் அது நோயாளியின் கருத்துக்கு ஈடாகாது, சில நேரங்களில் அதற்கு எதிராகவே இருக்கும்.

நோயாளிகளே முழு ஆய்வையும் நடத்துவதும் நடக்காத காரியம் அல்ல. கொரோனா தொற்றுக்குப் பின் மாதக்கணக்கில் குணமாகாதவர்களை மருத்துவம் இன்னும் நம்பாத நாட்களில், அதே நிலையில் இருந்த ஆய்வாளர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து இணையவழிக் கருத்தாய்வு நடத்தினார்கள். 56 நாடுகளைச் சேர்ந்த 3,762 பேரின் விடைகளைக் கொண்டு அவர்கள் 2021இல் வெளியிட்ட கட்டுரை 203 அறிகுறிகளைப் பட்டியலிட்டது. இணையத்தில் தாமாக முன்வந்து விடையளித்தவர்களிடமிருந்து பெற்ற தரவு என்பதால் அதற்கு எல்லை உண்டு. ஆனால் உழைப்புக்குப் பின் நிலைமை மோசமாவது, சிந்தனைத் தெளிவின்மை போன்றவற்றைக் கேட்க வேண்டும் என்பது அந்த நோயை உடலில் சுமந்தவர்களுக்கே முதலில் தெரிந்திருந்தது.

ஆய்வகத்தில் மட்டும் நடக்கும் ஆய்வுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று உங்கள் சக ஆய்வாளர் யாராவது சொன்னால், ஹவசுபாய் மக்களுக்கு நேர்ந்ததை எடுத்துச் சொல்லுங்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் இந்தப் பழங்குடியினர், தங்களிடையே பரவலாக இருந்த நீரிழிவுக்கு விடை கிடைக்கும் என்று நம்பி 1990களில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இரத்த மாதிரி கொடுத்தார்கள். மனச்சிதைவு நோய், உறவுக்குள் மணம், இனத்தின் பூர்வீக இடப்பெயர்ச்சி ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்கும் அதே மாதிரிகள் பயன்படுத்தப்பட்டதைப் பின்னர் அறிந்து வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் பல்கலைக்கழகம் 7,00,000 டாலர் இழப்பீடு கொடுத்து மாதிரிகளையும் திருப்பித் தந்தது. மாதிரிகளை வேறு எதற்குப் பயன்படுத்தலாம், யாரோடு பகிரலாம், எப்போது அழிக்க வேண்டும் என்ற கேள்விகள் ஆய்வகத்துக்கே உரியவை. அவற்றை மாதிரி கொடுத்தவர்களோடு பேசி முடிவெடுக்கும் குழு ஒன்று இருந்திருந்தால் அந்த வழக்கு வந்திருக்காது.

பெயருக்குச் சேர்ப்பதை எப்படி அடையாளம் காண்பது? ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் நகரத் திட்டமிடல் பற்றி எழுதிய கட்டுரையில், குடிமக்களின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் அதில் நடுப்படிகள். அதிகாரம் பகிரப்படும் இடத்தில்தான் பங்காளி நிலை தொடங்குகிறது. எல்லா ஆய்வும் உச்சிப் படியில் நிற்க வேண்டும் என்று நான் கருதவில்லை. ஒரு தகவல் படிவத்தின் மொழியைத் திருத்த ஒரு முறை கருத்துக் கேட்பதே போதுமானதாக இருக்கலாம். ஆனால் அதைக் கருத்துக் கேட்பு என்றே எழுத வேண்டும், கூட்டுப் படைப்பு என்று எழுதக் கூடாது. நான் வைத்திருக்கும் சோதனை எளியது: நோயாளிகள் சொன்னதால் இந்த ஆய்வில் எது மாறியது, அவர்கள் சொல்லியும் எது மாறவில்லை, ஏன்? இரண்டுக்கும் குழுவால் விடை சொல்ல முடிந்தால் அது பங்காளித்துவம். சொன்னதை ஏற்க முடியாத சூழ்நிலைகள் வரத்தான் செய்யும். நிதி போதாமலிருக்கலாம், அளவீடுகளின் எண்ணிக்கை கூடினால் புள்ளியியல் வலு குறையலாம். அந்தக் காரணத்தை அவர்களிடமே திரும்பிச் சென்று சொல்வதில்தான் மரியாதை இருக்கிறது.

அறநெறி அனுமதி பற்றி ஒரு விளக்கம். ஆலோசகராகப் பேசும் பங்காளரிடமிருந்து நீங்கள் தரவு திரட்டுவதில்லை என்பதால், இந்தக் கூட்டங்களுக்குப் பொதுவாக அறநெறிக் குழுவின் முன் அனுமதி தேவைப்படாது. ஆயினும் உங்கள் நிறுவனத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் பேசியதைப் பதிவுசெய்து பகுப்பாய்வு செய்து கட்டுரையில் சான்றாக எடுத்தாளப்போகிறீர்கள் என்றால், அது எண்களுக்குப் பதில் மக்களின் பேச்சையே தரவாகக் கொள்ளும் பண்பு சார்ந்த ஆய்வு. அதற்கு அனுமதியும் ஒப்புதலும் கட்டாயம். இரண்டையும் கலந்துவிட்டால், பங்காளராக வந்தவர் தாம் அறியாமலே ஆய்வுப் பொருளாகிவிடுவார்.

மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான அறநெறிகளை வகுக்கும், உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி அறிவிக்கை 2024 அக்டோபரில் திருத்தப்பட்டபோது, பங்கேற்பவர்களும் அவர்களது சமூகங்களும் தங்கள் முன்னுரிமைகளைச் சொல்லவும், வடிவமைப்பிலும் நடத்துவதிலும் கலந்துகொள்ளவும், முடிவுகளைப் புரிந்துகொண்டு பரப்பவும் ஆய்வாளர்கள் வழிசெய்ய வேண்டும் என்பது அதில் சேர்க்கப்பட்டது. எனவே இந்தப் பகுதியை நிதியாளரின் விருப்பம் என்று மட்டும் இனி கருத இயலாது. பிஎம்ஜே போன்ற இதழ்கள் ஆய்வுக் கட்டுரைகளில், நோயாளிகள் எவ்வாறு சேர்க்கப்பட்டார்கள் என்ற விளக்கத்தைக் கேட்கின்றன. அதை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு 2017இல் வெளியான 'கிரிப் 2' வழிகாட்டி உதவும்.

உங்கள் விண்ணப்பத்துக்கு வருகிறேன். அந்தப் பகுதியில் "நோயாளிகளின் கருத்துகள் பெறப்படும்" என்ற எதிர்கால வாக்கியத்தை எழுதாதீர்கள். மதிப்பிடுகிறவர்கள் அதை நூறு விண்ணப்பங்களில் படித்திருப்பார்கள். இந்த வாரமே, இந்த நோயோடு வாழும் நான்கைந்து பேரை இரண்டு மணி நேரம் சந்தித்து, உங்கள் முதன்மை அளவீட்டை அவர்கள் முன்வைத்து, "இது மாறினால் உங்கள் வாழ்க்கையில் எது மாறும்?" என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் இத்தகைய முன் சந்திப்புக்கென்றே சிறு தொகை வைத்திருக்கின்றன, கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொன்னதால் திட்டத்தில் நீங்கள் மாற்றியதை இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதுங்கள். பிறகு, ஆய்வின் வழிநடத்தும் குழுவில் எத்தனை நோயாளிகள் இருப்பார்கள், அவர்களுக்கு உதவும் பொறுப்பு குழுவில் யாருக்கு, அந்தப் பொறுப்புக்கு வாரத்தில் எவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, மொத்தச் செலவு எவ்வளவு என்று வரவுசெலவுப் பட்டியலில் தனி வரியாகக் காட்டுங்கள். முடிவுகள் வெளியானதும் பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் எளிய மொழியில் ஒரு பக்கச் சுருக்கம் அனுப்புவதற்கான தபால் செலவையும், அதை எழுதும் பங்காளர்களின் மதிப்பூதியத்தையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள்; ஆய்வு முடியும் தறுவாயில் பணம் தீர்ந்துபோய் முதலில் கைவிடப்படுவது அந்தக் கடிதம்தான்.